சேக்ரம் (முதுகுத்தண்டின் அடி எலும்பு) பகுதியில் படுக்கைப்புண் ஐந்து வாரமாக அதே அளவில் நிற்கிறது. எந்த டிரெஸ்ஸிங்குக்கு மாற்றலாம்?

வீட்டுவலம்_செவிலி:

வணக்கம். வீடு தேடிப் போய் நோய்த்தணிப்புப் பராமரிப்பு கொடுக்கும் பணியில் இருக்கிறேன். ஒரு நோயாளிக்கு உங்கள் ஆலோசனை வேண்டும்.

ஆண், வயது 68, எடை 52 கிலோ. பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை, கால் இயங்கவில்லை, பேச்சும் இல்லை. சர்க்கரை நோய் உண்டு, இன்சுலின் போடுகிறார்கள். உணவு ரைல்ஸ் டியூப் (மூக்கிலிருந்து வயிற்றுக்குப் போகும் குழாய்) வழியாக. சிறுநீருக்கு கதீட்டர், மலத்துக்கு டயாப்பர்.

புண் சேக்ரத்தில். நீளம் 5 செ.மீ., அகலம் 4, ஆழம் 1.5. கொழுப்புத் திசு தெரிகிறது, எலும்பு தட்டுப்படவில்லை. தலைப்பக்கத்தை 12 மணியாக வைத்துப் பார்த்தால் 1 முதல் 3 மணி வரை விளிம்புக்கு அடியில் 2 செ.மீ. குடைந்திருக்கிறது. அடிப்பகுதி முக்கால் பாகம் சிவப்பு, கால் பாகம் மஞ்சள் ஸ்லஃப் (செத்த திசு). கசிவு நடுத்தரம். சுற்றுத்தோல் ஊறி வெளுத்திருக்கிறது. காய்ச்சல், சீழ் இல்லை. மூன்றாம் நிலை என்று பதிந்திருக்கிறேன்.

வீட்டில் தினமும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நுரை வரவைத்து, போவிடோன் அயோடினில் நனைத்த காஸை (வலைத்துணி) இறுக்கித் திணித்து, மேலே பிளாஸ்டர் ஒட்டுகிறார்கள். ஏர் பெட் இருக்கிறது. அதன் மேல் ரப்பர் ஷீட், நாலாக மடித்த போர்வை, பெட்ஷீட். இடுப்புக்கு அடியில் காற்று வளையம். டியூப் ஃபீட் என்பதால் நாள் முழுக்கத் தலையணை அடுக்கி நிமிர்த்தியே படுக்க வைத்திருக்கிறார்கள்.

விலை கூடிய ஃபோம் டிரெஸ்ஸிங் வாங்கச் சொல்லலாமா? வேறு ஏதாவது?

பாரம்_இறக்கு:

சிஸ்டர், அளவும் குடைவும் தெளிவாக எழுதியதால் நேராகப் பதில் சொல்ல முடிகிறது. ஃபோமுக்கு இப்போது பணம் செலவழிக்க வேண்டாம். இந்தப் புண்ணை ஆறவிடாமல் வைத்திருப்பது அவர் படுத்திருக்கும் விதம்தான்.

தலைப்பக்கம் 30 டிகிரிக்கு மேல் போனால் உடம்பு கால்பக்கம் சறுக்கும். தோல் விரிப்போடு ஒட்டி நின்றுவிடும், உள்ளே எலும்பும் தசையும் மட்டும் கீழே நகரும். இரண்டுக்கும் நடுவில் ஓடும் சின்ன ரத்தக்குழாய்கள் இழுபட்டு, மடங்கி, அடைபடும். விளிம்புக்கு அடியில் குடைவு விழுவதற்கு இந்த இழுவிசைதான் வழக்கமான காரணம். அது தினமும் நடந்துகொண்டிருக்கும்வரை மேலே எதை வைத்தாலும் குடைவு மூடாது.

அதற்காகத் தலையை இறக்கி மல்லாக்கப் படுக்க வைத்தால் ஃபீட் மேலேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து. இரண்டையும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும். ஃபீட் கொடுக்கும்போதும், முடிந்து ஒரு மணி நேரம் வரையும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி இருக்கட்டும். மற்ற நேரத்தில் 30 டிகிரியோ அதற்குக் கீழோ. 200 மி.லி. ஃபீட்டைக் கையால் தள்ளாமல் 15, 20 நிமிடத்தில் தானாக இறங்க விட்டால், ஒரு நாளைக்கு ஆறு ஃபீட் என்றாலும் உயர்த்தி வைக்கும் நேரம் எட்டு மணியைத் தாண்டாது. மீதி 16 மணி நேரம் உங்கள் கையில் இருக்கிறது. அந்த எட்டு மணியிலும் மல்லாக்க வைக்காமல், பக்கவாட்டில் சாய்த்த நிலையிலேயே தலையை உயர்த்தலாம். ஃபீட் கொடுத்த பிறகு இருமல், தொண்டையில் கரகரப்பு, வாந்தி இருந்தால் தலையை இறக்காதீர்கள்; அடுத்த ஃபீடை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள்.

உயர்த்தும்போது வரிசை முக்கியம். முதலில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் காலைக் கொஞ்சம் மடக்குங்கள், பிறகு தலைப்பக்கம். இறக்கும்போது முதலில் தலை, பிறகு கால். மாற்றிச் செய்தால் ஒவ்வொரு முறையும் சறுக்குவார்.

சாய்ப்பது 30 டிகிரி போதும். தோளிலிருந்து இடுப்புவரை முதுகுக்குப் பின்னால் ஒரு நீளத் தலையணை. வைத்த பிறகு உங்கள் கையைச் சேக்ரத்துக்கு அடியில் விட்டுப் பாருங்கள், கை தடையில்லாமல் போக வேண்டும். முழுக்க 90 டிகிரி ஒருக்களித்தால் பாரம் இடுப்பின் பக்க எலும்பில் இறங்கி அங்கே இன்னொரு புண் வரும். வலது பக்கம் உணர்வு குறைவு, வலித்தாலும் அவரால் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் சாய்க்கும் நேரத்தைக் குறைத்து, வலது தோள் உடம்புக்கு அடியில் மாட்டாமல் பார்த்து வையுங்கள். தொடக்கமாக இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்புங்கள். திருப்பியதும் அழுந்தியிருந்த இடத்தைப் பாருங்கள். அரை மணி கழித்தும் அடையாளம் போகவில்லை என்றால் அந்தப் பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் அதிகம்.

காற்று வளையத்தை இன்றே எடுத்துவிடுங்கள். நடுவில் பாரம் இல்லை என்று தோன்றும். ஆனால் வளையம் சுற்றிலும் அழுத்தி, புண்ணுக்கு ரத்தம் வரும் பாதையைத்தான் அடைக்கிறது. போர்வையும் ரப்பர் ஷீட்டும்கூட வேண்டாம். ஏர் பெட்டின் அறைகள் மாறி மாறி ஊதி இறங்குவது உடம்புக்குப் போய்ச் சேர ஒரே ஒரு பெட்ஷீட், அதுவும் தளர்வாக, மலக்கசிவுக்காக ஒரு உறிஞ்சும் பேட், அவ்வளவுதான் இருக்கலாம். பம்பின் திருகியை அவர் எடைக்கான அளவில் வையுங்கள். பிறகு உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, சேக்ரத்துக்கு நேர் கீழே, ஏர் பெட்டுக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவில் 2.5 செ.மீ. அளவுக்காவது காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் இடித்தால் அந்த ஏர் பெட் இருந்தும் பயனில்லை. கரண்ட் போனால் பல மாடல்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று இறங்கிவிடும். குழாயை மூடிவைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து, வீட்டாருக்குக் காட்டிவிடுங்கள்.

மேலே நகர்த்தும்போது அக்குளில் கைகொடுத்து இழுக்கவே கூடாது. தோளிலிருந்து தொடைவரை குறுக்கே ஒரு மடித்த சேலையோ வேட்டியோ போட்டு, இருபுறமும் இருவர் பிடித்துத் தூக்கி நகர்த்தச் சொல்லுங்கள். நகர்த்தி முடிந்ததும் அந்தத் துணியை உருவிவிடலாம்.

டிரெஸ்ஸிங்_டிராலி:

மேலே சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். அதோடு டிரெஸ்ஸிங் பற்றியும்.

பெராக்சைடு இன்றோடு நிற்க வேண்டும். நுரை வருவது ரத்தத்திலும் திசுவிலும் உள்ள நொதி அதைப் பிரித்து ஆக்சிஜனாக்குவதால். அழுக்கு வெளியேறுகிறது என்று வீட்டார் நினைப்பார்கள். உண்மையில் புதுத் திசுவைக் கட்டும் செல்களும் சேர்ந்து சாகின்றன. குடைவு உள்ள புண்ணில் இன்னொரு ஆபத்து, வெளியேற வழியில்லாத வாயுக் குமிழி ரத்தக்குழாய்க்குள் போகலாம்.

கழுவ 0.9 சதவீத சலைன். 20 மி.லி. சிரிஞ்சில் ஏற்றி, 18 கேஜ் ஐவி கேனுலாவின் ஊசியை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாயை மட்டும் மாட்டிப் பீச்சினால் திசுவைக் குத்தாத, ஆனால் அழுக்கைப் பெயர்க்கும் அளவு அழுத்தம் கிடைக்கும். பஞ்சால் தேய்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். 100 முதல் 150 மி.லி. வரை செலவாகும். குடைவுக்குள்ளும் பீச்சுங்கள், உள்ளே போனது முழுக்க வெளியே வர வேண்டும். அதற்கு அவரைக் கொஞ்சம் சாய்த்து வடியவிடுங்கள். சலைன் உடம்புச் சூட்டில் இருக்கட்டும், ஃபிரிட்ஜில் இருந்து எடுத்து ஊற்ற வேண்டாம். தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பாட்டில் சலைன் கிடைக்காத வீட்டில் அரை லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்துப் பயன்படுத்தலாம். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். திறந்த சலைன் பாட்டிலுக்கும் இதே கணக்குதான். திறந்த நேரத்தைப் பாட்டில் மேலேயே எழுதுங்கள்.

பழைய காஸை எடுக்கும் கையுறையோடு புண்ணைக் கழுவாதீர்கள். எடுத்ததும் கழற்றி, கையைச் சுத்தம் செய்து, புது ஜோடி. பிளாஸ்டரை மேல்நோக்கிப் பிய்க்காமல், ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தோலோடு படிந்தவாறே முடி வளரும் திசையில் மெல்ல உரியுங்கள். முதியவர் தோல் பிளாஸ்டரோடு வந்துவிடும். ஒட்டிய காஸை சலைன் விட்டு ஊறவைத்து எடுங்கள். காய்ந்த காஸைப் பிடித்து இழுத்தால் ஸ்லஃபோடு புதிதாக முளைத்த சிவப்புத் திசுவும் பிடுங்கப்படும். அவரால் வலியைச் சொல்ல முடியாது என்பதால் நெற்றிச் சுருக்கம், முனகல், இடது கையால் தட்டிவிடுவது, மூச்சு வேகம் இதையெல்லாம் பாருங்கள். மருத்துவர் பாராசிட்டமால் எழுதியிருந்தால் டிரெஸ்ஸிங்குக்கு முக்கால் மணி நேரம் முன்பே டியூபில் கொடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது நிரப்புவது. இறுக்கித் திணித்த காஸ் உள்ளேயிருந்தே அழுத்துகிறது, கசிவும் வெளியேறாமல் தேங்குகிறது. சலைனில் நனைத்து, சொட்டாத அளவு பிழிந்து, உதறிப் பிரித்த காஸைத் தளர்வாக இடுங்கள். குடைவின் கடைசிவரை அது போய்த் தொட வேண்டும், ஆனால் அடைக்கக் கூடாது. சின்னச் சின்னத் துண்டுகளாக வைக்காதீர்கள். ஒரே நீளமான ரோலர் காஸ், நுனி வெளியே தெரியட்டும். எத்தனை வைத்தீர்கள் என்று டிரெஸ்ஸிங் மேலேயே எழுதுங்கள், எடுக்கும்போது எண்ணுங்கள். குடைவுக்குள் ஒரு துண்டு தங்கிப்போனால் மாதக்கணக்கில் நாற்றமும் கசிவும் நிற்காது.

ஈரக் காஸ் விளிம்பைத் தாண்டித் தோலில் படுவதால்தான் சுற்றுத்தோல் வெளுக்கிறது. தோலை ஒற்றித் துடைத்து, புண் விளிம்பிலிருந்து 1 செ.மீ. அகலத்துக்கு ஜிங்க் ஆக்சைடு மெல்லியதாகப் பூசுங்கள், அதைத் தாண்டி பிளாஸ்டர் ஒட்டுங்கள். களிம்பின் மேல் ஒட்டினால் நிற்காது.

ஃபோம் பற்றிக் கேட்டீர்கள். ஃபோம் மேலே மூடும், குழியை நிரப்பாது. 1.5 செ.மீ. ஆழமும் குடைவும் உள்ள புண்ணில் வெறும் ஃபோம் ஒட்டினால் உள்ளே வெற்றிடம் இருக்கும், அங்கே கசிவு தேங்கும். காசு செலவழிக்க முடியும் என்றால் கயிறு வடிவ ஆல்ஜினேட் (கடற்பாசிப் பொருளில் செய்த டிரெஸ்ஸிங்) வாங்கச் சொல்லுங்கள். கசிவை உறிஞ்சி ஜெல்லாக மாறும், வழக்கமாக ஒரு நாள் அல்லது இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றினால் போதும். கசிவு குறைந்து காய ஆரம்பித்தால் ஆல்ஜினேட்டை நிறுத்திவிட வேண்டும், புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். முடியாத வீட்டில் ஈரக் காஸே ஒரு நாளைக்கு இரண்டு முறை, காய்வதற்குள் மாற்றினால் நன்றாகவே ஆறும்.

மலம் பட்டால் அடுத்த முறைவரை காத்திருக்காமல் உடனே மாற்றுங்கள். டிரெஸ்ஸிங்கின் கீழ் விளிம்பை, மலவாய்ப் பக்கம் இருப்பதை, நீர்புகாத டேப்பால் முதலில் அடைப்பது வழிவதைக் குறைக்கும்.

காற்றாட விட்டால் காயும் என்று யாராவது சொல்வார்கள். 1962இல் ஜார்ஜ் வின்டர் பன்றித் தோலில் செய்த ஆய்வில், மூடி ஈரமாக வைத்த புண்களில் திறந்து காயவிட்ட புண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக மேல்தோல் படர்ந்தது. நம்மூரில் திறந்து விட்டால் ஈயும் வந்து உட்காரும், பிறகு புழு வைக்கும்.

மருந்து_அளவு:

அயோடின் பற்றி ஒரு விஷயம். இந்தப் புண்ணுக்கு இப்போது வேண்டாம் என்பது சரி. அதற்காக அதை அடியோடு தடை செய்ய வேண்டாம். தொற்று தெளிவாகத் தெரியும் நாட்களில், மருத்துவர் சொன்ன குறுகிய காலத்துக்கு, போட்டுச் சில நிமிடம் விட்டு சலைனால் கழுவினால் பயன் உண்டு. தவறு எங்கே என்றால், சிவப்புத் திசு வந்த பிறகும் வாரக்கணக்கில் தொடர்வது. தைராய்டு நோய் உள்ளவருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் பெரிய குழிப்புண்ணில் ஊற்றினால் அயோடின் உடம்புக்குள் உறிஞ்சப்படும் என்பதையும் மறக்கக் கூடாது. நாற்றம் மட்டும்தான் தொந்தரவு என்றால் மருத்துவரிடம் மெட்ரோனிடசோல் ஜெல் பற்றிக் கேளுங்கள்.

வீட்டுவலம்_செவிலி:

மிக்க நன்றி. மூன்று சந்தேகம். வீட்டில் அவர் மனைவி மட்டும்தான், 60 வயதுக்கு மேல். இரவில் இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து திருப்ப முடியாது. அடுத்து, இன்று இரண்டு காலையும் முழுக்கப் பார்த்தேன்: வலது குதிகாலில் 2 செ.மீ. அகலத்தில் கறுப்பாக, காய்ந்து, கெட்டியாக ஒரு பொருக்கு. அதை ஊறவைத்து எடுத்துவிடவா? உணவு என்று பார்த்தால் கஞ்சித் தண்ணீர், பருப்புத் தண்ணீர், இளநீர், இரண்டு வேளை பால். இது போதுமா?

பாரம்_இறக்கு:

குதிகால் பொருக்கை எடுக்காதீர்கள். காய்ந்து, கெட்டியாக, அசையாமல், சுற்றிலும் சிவப்போ வீக்கமோ இல்லாமல் இருந்தால் அதுவே அடியில் உள்ளதற்கு மூடி. சர்க்கரை நோயாளியின் காலில் ரத்த ஓட்டம் குறைவாக இருந்து, பொருக்கைத் திறந்துவிட்டால் ஆறாத திறந்த புண்ணும் தொற்றும்தான் மிஞ்சும். ஜெல்லோ ஈரக் காஸோ வேண்டாம், உலர்வாக வையுங்கள். பாதத்தின் மேற்புறம் நாடித் துடிப்பு இருக்கிறதா, கால் சில்லென்று இருக்கிறதா என்று பார்த்து எழுதிவையுங்கள். பொருக்கு மெத்தென்று ஆனாலோ, ஓரம் பெயர்ந்து கசிந்தாலோ, நாறினாலோ அன்றே அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

கணுக்காலிலிருந்து முழங்கால்வரை கெண்டைக்காலின் முழு நீளத்துக்கும் தலையணை வைத்து, குதிகால் எதையும் தொடாமல் தொங்கட்டும். முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். கையுறையில் தண்ணீர் நிரப்பி அடியில் வைக்கும் பழக்கம் இன்னும் பல வார்டுகளில் இருக்கிறது. அது பாரத்தைக் குறைப்பதே இல்லை, விட்டுவிடுங்கள்.

இரவுக்கு: ஏர் பெட் கைச்சோதனையில் தேறினால் இரவு 10, 2, 6 மணி என்று நான்கு மணி இடைவெளி வைத்துப் பார்க்கலாம். நிபந்தனை ஒன்று உண்டு. காலை 6 மணிக்குத் தோலைப் பார்க்க வேண்டும், மாறாத அடையாளம் இருந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். இடையில் விழித்தால் முதுகுத் தலையணையைக் கொஞ்சம் உருவினாலோ செருகினாலோகூடப் பாரம் இடம் மாறும், அதற்கு ஒருவர் பலம் போதும். அவர் மனைவி, அந்த அம்மாவின் முதுகுக்கும் வலி வராமல் பார்க்க வேண்டும். நோயாளியைத் தனியாகத் தூக்கி மேலே நகர்த்தும் வேலையை அம்மா செய்யவே கூடாது. பக்கத்து வீட்டார் வரும் நேரத்துக்கு அதை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நம் நோயாளிகளின் தோல் நிறத்தில் சிவப்பு தெரியாமல் போவது அதிகம் என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள். புறங்கையால் தொட்டுப் பக்கத்துத் தோலோடு ஒப்பிடட்டும்: சூடு கூடியோ குறைந்தோ, கல்போலவோ சதசதவென்றோ, ஊதாவோ கருமையோ ஏறியிருந்தால் அங்கே பாரம் வைக்கக் கூடாது. அந்த இடத்தைத் தேய்த்துவிடுவதும் கூடாது, அடியில் நசுங்கிய குழாய்கள் மேலும் கிழியும்.

கஞ்சிக்கணக்கு:

உணவுக்கு நான் பதில் சொல்கிறேன். நீங்கள் எழுதிய பட்டியலில் புரதம் பாலில் மட்டும்தான் இருக்கிறது. இரண்டு வேளை 200 மி.லி. என்றால் 13 கிராம் வரும். இவர் எடைக்கு வேண்டியது கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம், அதாவது 65 முதல் 78 கிராம். கலோரி கிலோவுக்கு 30 முதல் 35 கணக்கில் ஏறக்குறைய 1560 முதல் 1820. ஐந்து வாரமாகப் புண் நின்றுபோனதில் இதற்கும் பெரிய பங்கு உண்டு, திசு கட்ட உள்ளே பொருள் இல்லை.

பருப்புத் தண்ணீரில் பருப்பு இல்லை. பருப்பையே குழைய வேகவைத்து மிக்ஸியில் அடித்து மெல்லிய சல்லடையில் வடிகட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். பச்சையாக 50 கிராம் பாசிப்பருப்பில் 12 கிராம் அளவு புரதம் இருக்கும். நன்றாக வெந்த முட்டை ஒன்றில் 6 கிராம். பாலோடு அடித்து வடிகட்டலாம். பச்சை முட்டை ஊற்றக் கூடாது. பாலை ஒரு நாளைக்கு முக்கால் லிட்டராக்கினால் 24 கிராம். இதற்கு மேலும் தேவைப்படுவதற்குப் புரதப் பவுடர். ஆனால் இதையெல்லாம் கூட்டும் முன் கிரியேட்டினின் (சிறுநீரக ரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டும், சிறுநீரகம் சரியில்லை என்றால் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இளநீரிலும் பொட்டாசியம் அதிகம், அதே கேள்வி அதற்கும் உண்டு.

ஒவ்வொரு ஃபீடுக்கும் முன்னால் மூக்கருகே டியூபில் போட்ட குறி இடம் மாறியிருக்கிறதா என்று பார்த்து, சிரிஞ்சால் உறிஞ்சிப் பார்த்து, பிறகுதான் ஊற்ற வேண்டும். முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர் விடாவிட்டால் பருப்பு அடைத்துக்கொள்ளும். இன்சுலின் போட்டுவிட்டு ஃபீட் தாமதமானால் சர்க்கரை இறங்கும். பேச முடியாதவர் மயக்கம் வருகிறது என்று சொல்ல மாட்டார். டியூப் உறுதியாக உள்ளே இருக்கிறது, ஃபீட் தயாராக இருக்கிறது என்று பார்த்த பிறகு இன்சுலின் போடும் வரிசையை அம்மாவுக்குப் பழக்குங்கள். உணவு கூடும்போது சர்க்கரையும் ஏறும், மருந்தளவை மறுபடி பார்க்கச் சொல்லி மருத்துவருக்கு முன்கூட்டியே தகவல் கொடுங்கள்.

டிரெஸ்ஸிங்_டிராலி:

பதிவு பற்றி ஒன்று சேர்க்கிறேன். வாரம் ஒருமுறை, ஒரே பக்கம் சாய்த்து, ஒரே ஆள் அளக்கட்டும். படுக்கும் நிலை மாறினால் அளவே மாறிவிடும். தலையிலிருந்து கால்பக்கம் நீளம், அதற்குச் செங்குத்தாக அகலம், நனைத்த ஸ்டெரைல் குச்சியால் ஆழமும் குடைவும். புகைப்படம் எடுத்தால் அளவுகோல் பக்கத்தில் இருக்க வேண்டும், குடும்பத்தின் சம்மதமும் வேண்டும். ஆறிக்கொண்டு வரும்போது இரண்டாம் நிலை ஆகிவிட்டது என்று எழுதாதீர்கள். இழந்த தசையும் கொழுப்பும் திரும்ப வளர்வதில்லை, தழும்புத் திசுதான் நிரப்புகிறது. ஆகவே அது ஆறிவரும் மூன்றாம் நிலைப் புண்.

இவ்வளவும் சரியாகச் செய்து இரண்டு வாரத்தில் பரப்போ ஆழமோ குடைவோ எதிலும் முன்னேற்றம் இல்லை என்றால் முழுதாக மறுபரிசோதனை செய்ய வேண்டும். சுற்றிலும் 2 செ.மீ.க்கு மேல் சூடும் சிவப்பும் பரவினாலோ, சீழ் வந்தாலோ, குச்சியில் கடினமாக எலும்பு தட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். இந்த வயதில் காய்ச்சல் இல்லாமல் வெறும் சோர்வும், கண் திறக்காமல் கிடப்பதும், திடீரென்று ஏறும் சர்க்கரையும்கூடத் தொற்றின் முதல் அடையாளமாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கேட்டால் மேலே கிடக்கும் சீழைத் தொட்டு எடுக்காதீர்கள். முதலில் சலைனால் கழுவி, சுத்தமான சிவப்புத் திசுவில் ஒரு சதுர செ.மீ. இடத்தில் உள்ளிருந்து நீர் கசியும் அளவு அழுத்தி, 5 நொடி உருட்டி எடுங்கள். மேற்பரப்புச் சீழில் வளர்வதை நம்பி ஆன்டிபயாடிக் தொடங்கினால் தேவையில்லாத மருந்துதான் உள்ளே போகும்.